சர் சையது அகமது கான்: முன்சீப் வேலை பார்த்துக்கொண்டே டெல்லியின் வரலாற்றை எழுதியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலிகர் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தவர்தானே? இவரைப் போய் வரலாற்றாசிரியர் என்கிறீர்களே?

அவரேதான். பாடப்புத்தகத்தில் 'அலிகர் இயக்கம்' என்று ஒரு பத்தி, தாடி வைத்த ஒரு படம், அதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் முதலில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியது 1875இல், அப்போது அவருக்கு வயது 57. அதற்கு முன்னால் கிட்டத்தட்ட நாற்பது வருடம் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பிறகு பிரிட்டிஷ் அரசிலும் நீதித்துறை ஊழியர். அந்த நாற்பது வருடத்தில்தான் டெல்லியின் கட்டடங்களைப் பற்றிய முதல் பெரிய உருதுப் புத்தகத்தை எழுதினார், மூன்று பாரசீக வரலாற்று நூல்களைப் பதிப்பித்தார், 1857 கிளர்ச்சியைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதினார். எனக்கு அலிகர்காரரை விட இந்த முன்சீப்தான் சுவாரசியமான ஆளாகத் தெரிகிறார், அதனால் கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அரண்மனைக்கு நெருக்கமான வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனி உத்தியோகம் எதற்கு?

வீட்டில் பெயர் இருந்தது, பணம் குறைந்துகொண்டே வந்தது. 1817 அக்டோபர் 17இல் டெல்லியில் பிறந்தார். தாய்வழித் தாத்தா குவாஜா ஃபரீதுதீன் அகமது முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் ஷாவிடம் அமைச்சராக இருந்தவர், கணிதமும் வானவியலும் தெரிந்தவர், அதற்கு முன்னால் கம்பெனிக்காகவும் வேலை பார்த்தவர். அப்பாவுக்கும் அரண்மனையில் நல்ல செல்வாக்கு. ஆனால் அந்த அரண்மனையே கம்பெனி கொடுக்கும் உதவித்தொகையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1838இல் அப்பா இறந்ததும் பையன் டெல்லி சதர் அமீன் (முன்சீப்புக்கு மேல்நிலையில் இருந்த இந்திய நீதிபதி) நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது ஆவணங்களைக் கவனிக்கும் எழுத்தராக, சேர்ந்துவிட்டார். உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. கோட்டையில் கிடைக்கிற பட்டத்தையும் மரியாதையையும் விட்டுவிட்டு வெள்ளைக்காரனிடம் குமாஸ்தா வேலையா என்றுதான் அவர்களுக்கு இருந்திருக்கும். பட்டமும் அப்புறம் தானாக வந்தது: 1842இல் பகதூர் ஷா ஜாஃபர் இவருக்கு ஜவாதுத் தௌலா, ஆரிஃப் ஜங் என்ற பட்டங்களைக் கொடுத்தார். பெரிய பெயர்தான், மாதச் சம்பளம் என்னவோ கம்பெனியிடமிருந்துதான் வந்தது.

உத்தியோகத்தில் எப்படி மேலே வந்தார்?

பரீட்சை எழுதித்தான். 1839இல் ஆக்ரா கமிஷனர் அலுவலகத்தில் நாயப் முன்ஷி, அதாவது துணை எழுத்தர். அங்கே சிவில் சட்ட விதிகளைத் தேடித் திரட்டிச் சுருக்கமாக ஒரு கையேடு தயாரித்தார், இன்றைக்குப் போட்டித் தேர்வுக்கு கைடு போடுகிறார்களே, அந்த மாதிரி. முன்சீப் பரீட்சை எழுதுகிறவர்களிடம் அது நன்றாக ஓடியது, இவரும் தேறினார். 1841இல் மைன்புரியில் முன்சீப், அடுத்த வருடம் ஃபதேபூர் சிக்ரி, 1846இல் டெல்லிக்கே மாற்றல். பிறகு 1855இல் பிஜ்னோரில் சதர் அமீன், 1858இல் முராதாபாத்தில் சதருஸ் சுதூர், அதாவது அந்தக் காலத்தில் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய நீதித்துறைப் பதவிகளில் ஏறக்குறைய உச்சி. அப்புறம் காஜிப்பூர், அலிகர், பனாரஸ். 1876இல் ஓய்வு.

இந்த மாற்றல் பட்டியலை நான் சும்மா அடுக்கவில்லை. ஆவணத்தைக் கேள், தேதியைப் பார், முத்திரையைச் சரிபார், சாட்சி சொன்னதை அப்படியே எழுது என்பது முன்சீப் கோர்ட்டின் அன்றாடப் பழக்கம். அவர் வரலாறு எழுதிய விதத்தில் அதே பழக்கம் அப்படியே தெரிகிறது.

டெல்லிக் கட்டடங்களைப் பற்றி எழுதணும்னு எப்படித் தோன்றியது?

இதற்குப் பெரிய கொள்கை விளக்கம் எதுவும் வேண்டாம், ஒரு காரணம் பணம். அண்ணன் டெல்லியில் ஓர் உருதுப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார், அவர் இறந்துபோனார். குடும்ப பாரம் இவர் தலையில். முன்சீப் சம்பளம் போதவில்லை, ஒரு புத்தகம் போட்டால் நாலு காசு வரும் என்ற எண்ணமும் இருந்தது. இதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கவிஞர் ஹாலியே சொல்கிறார்.

ஆனால் காசுக்காக மட்டும் ஒருவர் இவ்வளவு உடம்பை வருத்திக்கொள்ள மாட்டார். விடுமுறை நாள்களில் நண்பரான பாரசீகப் புலவர் இமாம் பக்ஷ் சஹ்பாயைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இடிந்து கிடந்த கல்லறைகள், மசூதிகள், கோட்டைகள் என்று ஒவ்வொன்றாகப் போவார். நீள அகலம் அளப்பார், வரைபடம் போடுவார், கல்வெட்டு எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் படி எடுப்பார். குதுப் மினாரில் சிக்கல் வந்தது. உயரத்தில் இருக்கிற கல்வெட்டு வரிகள் கீழே இருந்து படிக்கவே முடியாது. என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு தொங்கு கூடையைக் கட்டச் சொல்லி அதில் உட்கார்ந்து, கல்வெட்டு இருக்கும் மட்டத்துக்கு மேலே போய் எழுதிக்கொண்டு வந்தார். அவர் மேலே தொங்கும்போதெல்லாம் கீழே நிற்கிற சஹ்பாயின் முகம் பயத்தில் வெளிறிப்போகுமாம்.

அப்படி உருவானதுதான் 'ஆசாருஸ் சனாதீத்', 1847. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடப் படங்கள், கல்வெட்டுப் படிகள், கடைசியில் அன்றைய டெல்லியின் கவிஞர்கள், வைத்தியர்கள், எழுத்தணிக் கலைஞர்கள், பாட்டுக்காரர்கள் பற்றி ஒரு முழு அத்தியாயம்.

அந்தப் புத்தகத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு?

அவர் வரைந்து வைத்தவற்றில் பல இன்று இல்லை. 1857க்குப் பிறகு பிரிட்டிஷார் செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்தார்கள், கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையில் இருந்த குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கினார்கள், ஷாஜகான் காலத்து அக்பராபாதி மசூதியும் அதில் போனது. அவை எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இந்தப் புத்தகம் கட்டாயம் வேண்டும். இடிபடும் என்று தெரிந்து அவர் எழுதவில்லை, பத்து வருடம் முந்திவிட்டார், அவ்வளவுதான். கூடையின் கீழே பயந்து நின்ற சஹ்பாயும் 1857இல் பிரிட்டிஷ் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களைப் பற்றிய அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்று வாசிக்கும்போது இதை மறக்க முடியாது.

பிரெஞ்சு அறிஞர் கார்சன் த தாசி 1861இல் இதை மொழிபெயர்த்தார். 1864இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இவரை கௌரவ உறுப்பினராக்கியது.

1854 பதிப்பு வேறு புத்தகம் என்கிறார்களே?

ஏறக்குறைய வேறுதான். முதல் பதிப்பின் உரைநடை அடுக்குமொழியும் எதுகையும் உவமையுமாகப் பாரசீகப் பாணியில் பூச்சு பூசியது, அதில் சஹ்பாயின் கை நிறைய இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டாம் பதிப்பில் அந்த அலங்காரம் எல்லாம் போய்விட்டது. கட்டடம் எது, யார் கட்டியது, எந்த ஆண்டு, ஆதாரம் என்ன, கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி நேராக எழுதியிருக்கிறார். கட்டடங்களைக் கால வரிசைப்படி மாற்றினார். மனிதர்களைப் பற்றிய அத்தியாயத்தையும் தூக்கிவிட்டார், அது மட்டும் எனக்கு வருத்தம்.

அதில் தப்பு எதுவும் இல்லையா?

இருக்கிறது. குதுப் மினாரின் அடித்தளமும் முதல் அடுக்கும் இந்து மன்னர் பிருதிவிராஜன் காலத்தில் கட்டப்பட்டவை என்று அவர் வாதாடினார். தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் கன்னிங்காம் அதை ஏற்கவில்லை, பின்னால் வந்தவர்களும் கன்னிங்காம் பக்கமே நின்றார்கள். ஒரு சையது, அதாவது நபிகளின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்துக்காரர், இப்படி வாதாடினாரே என்பதைக் கவனியுங்கள். தன் மதத்துக்காரர் கட்டியது என்று உரிமை கொண்டாட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது, கல்லில் தெரிந்ததாக எதை நினைத்தாரோ அதையே எழுதினார். இன்னொரு கூத்தும் உண்டு: 1848இல் பூமி சுற்றவில்லை என்று நிரூபிக்க ஒரு சிறு நூலே எழுதினார்! பின்னாளில் அறிவியல் அறிவியல் என்று ஊரைக் கூட்டியவர் இதே ஆள்தான்.

மிர்சா காலிப் இவரைத் திட்டிக் கவிதை எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. அபுல் ஃபசலின் 'ஆயினே அக்பரி'யை, அதாவது அக்பர் அரசின் நிர்வாகம், நாணயம், நில வரி, ஆயுதம், சமையலறை வரைக்கும் விவரிக்கிற அந்தப் பெரிய பாரசீக நூலை, பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, படங்களோடு இவர் பதிப்பித்தார். அன்றைய வழக்கப்படி பெரிய மனிதர்களிடம் பாராட்டுரை வாங்கி முன்னால் போடவேண்டும். குடும்ப நண்பரும் டெல்லியின் பெருங்கவிஞருமான காலிபிடம் கேட்டார். காலிப் பாரசீகத்தில் ஒரு நீண்ட கவிதை அனுப்பினார். பாராட்டாவது ஒன்றாவது! இந்தப் பழைய சட்டதிட்டத்தைத் தூசி தட்டுவதில் என்ன லாபம், வெள்ளைக்காரனைப் பார், நீராவியில் கப்பல் ஓட்டுகிறான், கம்பியில் சேதி அனுப்புகிறான், விளக்கில்லாமல் நகரத்தையே ஒளிரவைக்கிறான், செத்ததைச் சீராட்டுவது நல்ல காரியம் இல்லை என்கிற தொனியில் போகிறது. சையது அகமது அதை அச்சில் சேர்க்கவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

சமாதானம் ஆன கதை இன்னும் நன்றாக இருக்கும், அதையும் ஹாலிதான் எழுதி வைத்திருக்கிறார். சில வருடம் கழித்து காலிப் ராம்பூரிலிருந்து திரும்பும்போது முராதாபாத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினார். அங்கே உத்தியோகத்தில் இருந்த சையது அகமதுக்குச் சேதி தெரிந்து வீட்டுக்கு அழைத்து வந்தார். பல்லக்கிலிருந்து இறங்கிய காலிப் கையில் மது பாட்டில். அதை வருவோர் போவோர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். வீட்டுக்காரர் நைசாக எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து பாட்டிலைக் காணோம் என்று காலிப் பதற, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று இவர் சொல்ல, 'எங்கே, காட்டுங்கள்' என்று கொண்டுவரச் செய்து தூக்கிப் பார்த்துவிட்டு, அளவு குறைகிறதே, யார் குடித்தது, உண்மையைச் சொல்லுங்கள், இதனால்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தீர்களா என்று கேட்டாராம். கூடவே, மேடையில் உபதேசம் செய்பவர்கள் தனிமையில் வேறு வேலை பார்க்கிறார்கள் என்ற பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் வரியையும் எடுத்து விட்டார். சையது அகமது சிரித்துவிட்டார். மனக்கசப்பு அன்றோடு தீர்ந்தது.

1857இல் அவர் யார் பக்கம்?

கம்பெனி பக்கம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பிஜ்னோரில் சதர் அமீனாக இருந்தார். மே மாதம் மீரட்டில் கிளர்ச்சி வெடித்ததும் கஜானாப் பணத்தைக் கொள்ளையிலிருந்து காப்பாற்றக் கிணற்றில் போட்டார்கள். நஜீபாபாத் நவாப் மஹ்மூத் கான் ஆட்களோடு வந்து சூழ்ந்துகொண்டபோது, ராத்திரியில் தானே போய் அவரிடம் பேசி, ஐரோப்பியக் குடும்பங்கள் உயிரோடு வெளியேற வழி செய்தார். ஜில்லா நிர்வாகத்தை நவாபிடம் ஒப்படைப்பதை எழுத்திலும் போட்டுக் கொடுத்தார்கள், அந்த நேரத்திலும் ஒரு பத்திரம்! பிறகு இவரே உயிர் பிழைத்து மீரட் போய்ச் சேர்ந்தது பெரும்பாடு.

டெல்லி பிரிட்டிஷார் கைக்குத் திரும்பியதும் அம்மாவைத் தேடிப் போனார். விசுவாசமாக வேலை பார்த்த அதே அரசின் சிப்பாய்கள் இவருடைய மாமாவையும் மாமா மகனையும் கொன்றிருந்தார்கள். அம்மா அஜீசுன்னிஸா குதிரைக்காரனின் குடிலில் ஒளிந்திருந்தார். குதிரைக்கு வைத்த தானியத்தைத் தின்று நாள் கடத்தியிருக்கிறார், குடிக்கத் தண்ணீர் இல்லை. அக்கம்பக்கத்தில் எங்கும் தண்ணீர் கிடைக்காமல் கோட்டைக்கு ஓடி ஒரு கூஜாவில் வாங்கி வந்தார் மகன். மீரட்டுக்கு அழைத்துப் போனார், சில வாரங்களில் அம்மா இறந்துவிட்டார்.

அரசு ஒரு பெரிய ஜமீனைப் பரிசாகக் கொடுக்க முன்வந்தது, கிளர்ச்சியில் சேர்ந்த ஒருவரிடமிருந்து பறித்தது. வேண்டாம் என்றார். மாதம் 200 ரூபாய் சிறப்பு ஓய்வூதியத்தை ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் அவர் வெள்ளைக்காரரின் ஆள்தானே?

பொறுங்கள், அடுத்து செய்ததைப் பாருங்கள். 1858இல் பிஜ்னோர் நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக, கடிதங்களோடு எழுதி வெளியிட்டார். அது சாட்சி வாக்குமூலம் மாதிரி. அதற்கு அடுத்து எழுதிய 'அஸ்பாபே பகாவதே ஹிந்த்', இந்தியக் கிளர்ச்சியின் காரணங்கள், அது குற்றப்பத்திரிகை, குற்றவாளிக் கூண்டில் அரசாங்கம். சட்டமன்றத்தில் ஓர் இந்தியன்கூட இல்லை, அதனால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை, இதுதான் மூல காரணம் என்றார். நில வரிக் கொள்கை, மிஷனரிகளுக்கு அதிகாரிகள் கொடுத்த இடம், இந்தியரை அதிகாரிகள் நடத்திய விதம் என்று வரிசையாகப் போகிறது. தூக்குமரங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்த காலம் அது. நண்பர் ராய் சங்கர் தாஸ், எரித்துவிடு, உயிரைப் பணயம் வைக்காதே என்று கெஞ்சினார்.

1859இல் ஆக்ராவில் 500 பிரதிகள் அச்சடித்தார். ஒன்றை இந்திய அரசுக்கு அனுப்பினார், ஏறக்குறைய மீதி எல்லாவற்றையும் இங்கிலாந்துக்கு. ஊரில் விநியோகிக்கவில்லை. வெளியுறவுச் செயலாளர் செசில் பீடன் இது ராஜத்துரோகம் என்று கொதித்தார், மற்றவர்கள் அடக்கினார்கள். பின்னால் நேரில் சந்தித்தபோது, இந்தியாவில் வேறு ஒரு பிரதி கிடைத்தாலும் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று இவர் சவால் விட்டாராம். எனக்கு இதில் பிடித்தது துணிச்சல் மட்டுமல்ல, கணக்கு. எந்தக் காகிதம் யார் மேசைக்குப் போனால் வேலை நடக்கும் என்று ஓர் அரசு ஊழியருக்கு மட்டுமே அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

லண்டன் போனது எதற்கு?

1869இல், பனாரஸ் உத்தியோகத்திலிருந்து விடுப்பில், இரண்டு மகன்களோடு. மகன் மஹ்மூத் கேம்பிரிட்ஜில் படித்துப் பின்னாளில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்பா நூலகத்தில் உட்கார்ந்து, வில்லியம் மூர் எழுதிய நபிகளின் வாழ்க்கை வரலாற்றுக்கு மறுப்பு எழுதினார். மூர் சாதாரண ஆள் இல்லை, அப்போது வடமேற்கு மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர். தன் மேலதிகாரியின் புத்தகத்துக்கு ஒரு ஊழியர் மறுப்பு எழுதுகிறார்! பணம் போதாமல், வீட்டில் இருக்கிற சாமான்களையும் புத்தகங்களையும் விற்றாவது அனுப்புங்கள் என்று நண்பருக்குக் கடிதம் போட்டார். அதே லண்டனிலிருந்து, ஆங்கிலேயர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் அழுக்கு மிருகங்கள் மாதிரி இருக்கிறோம் என்ற பொருளில் இன்னொரு கடிதமும் எழுதி, அது இங்கே பத்திரிகையில் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். வாங்கியதும் சரிதான்.

உருது இலக்கியத்தில் இவருக்கு ஏன் அவ்வளவு இடம்? கதை கவிதை எதுவும் எழுதவில்லையே?

கட்டுரைதான் அவர் களம். லண்டனில் ஆடிசன், ஸ்டீல் நடத்திய பழைய ஆங்கிலக் கட்டுரைப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு வந்து, 1870 டிசம்பரில் 'தஹ்சீபுல் அக்லாக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சாப்பிடும் முறை, முகஸ்துதி, சோம்பல், பழைய காலப் பெருமை, எதைப் பற்றியும் எழுதுவார், சாதாரணமாகப் படித்தவருக்குப் புரிகிற உருதுவில். விவாதம் செய்வது பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது, தொடக்கமே நாய்கள்தான். இரண்டு நாய் சந்தித்தால் முதலில் முறைக்கும், மூக்கிலிருந்து லேசாக ஓர் உறுமல், பிறகு வாய் கொஞ்சம் திறக்கும், பல் தெரியும், தொண்டையிலிருந்து சத்தம் வரும், அப்புறம் பாய்ச்சல். இதையே படிப்படியாகச் சொல்லிவிட்டு, படித்த மனிதர்கள் விவாதிப்பதும் இதே வரிசையில்தான் நடக்கிறது என்று சபையில் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டுகிறார். கமெண்ட் பகுதிகளில் இன்றும் அப்படியே பொருந்தும்.

மதக் கருத்துகளுக்காக இவரைக் காஃபிர் என்று ஃபத்வா கொடுத்தார்கள், மெக்காவிலிருந்துகூட வாங்கி வந்தார்கள். பத்திரிகை விற்பனைக்கு அது இடைஞ்சலாக இருந்த மாதிரி தெரியவில்லை.

காங்கிரஸை எதிர்த்தாரே, அதை எப்படிப் பார்ப்பது?

1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே வாரம் இவர் லக்னோவில் அதற்கு எதிராகப் பேசினார். ஐ.சி.எஸ். பதவிகளுக்கு இந்தியாவிலேயே போட்டித் தேர்வு என்ற கோரிக்கையைத் தாக்கினார். தேர்வு வைத்தால் வங்காளிகள் எல்லா இடத்தையும் பிடித்துவிடுவார்கள் என்றார், பி.ஏ., எம்.ஏ. படித்திருந்தாலும் தாழ்ந்த குலத்தவர் தங்கள் மேல் அதிகாரம் செலுத்துவதை நம் பிரபுக்கள் ஏற்பார்களா என்றும் கேட்டார். முன்சீப் பரீட்சைக்குக் கையேடு போட்டு, பரீட்சை எழுதியே மேலே வந்த மனிதர் இதைச் சொல்கிறார். 1858இல் சட்டமன்றத்தில் இந்தியர் வேண்டும் என்று தலையைக் கொடுத்து எழுதியவரும் இவரே. காலமும் சூழலும் என்று விளக்கம் சொல்லலாம், எனக்கு அது போதவில்லை. சையதுகளின் மேட்டுக்குடிப் புத்தி கடைசிவரை அவரை விடவில்லை. பெண் கல்வி விஷயத்திலும், முதலில் ஆண்கள் படிக்கட்டும் என்றே நின்றார்.

உத்தியோகத்தை விட்ட பிறகு வரலாறு எழுதினாரா?

வேடிக்கை இதுதான். வேலையில் இருந்தபோது எழுதித் தள்ளியவர் ஓய்வுக்குப் பிறகு வரலாற்றுப் பக்கம் அதிகம் வரவே இல்லை. கல்லூரி, நிதி வசூல், குர்ஆன் விரிவுரை, அப்புறம் வைஸ்ராயின் சட்டமன்றம். அங்கே அம்மைத் தடுப்பூசி மசோதாவைக் கொண்டுவந்தவர் இவர்தான். ஒரே விதிவிலக்கு 1896இல் எழுதிய 'சீரத்தே ஃபரீதியா', தாத்தாவைப் பற்றிய சிறு நூல். 1898 மார்ச் 27இல் அலிகரில் இறந்தார்.

எதை முதலில் படிக்கலாம்?

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு 'ஆசாருஸ் சனாதீத்' ரானா சஃப்வியின் மொழிபெயர்ப்பில் 2018இல் வந்திருக்கிறது, டெல்லி போகிற திட்டம் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு குதுப் மினார் இருக்கிற மெஹ்ரோலியைச் சுற்றுங்கள். கிளர்ச்சியின் காரணங்கள் சின்னப் புத்தகம், அதற்கு 1873லேயே ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. உருது தெரிந்தவர்கள் 'சீரத்தே ஃபரீதியா'வை விடவேண்டாம். பெயருக்குத்தான் தாத்தாவின் வரலாறு, நெஞ்சில் நிற்பது அம்மா. பதினோரு பன்னிரண்டு வயதில் ஒரு வயதான வேலைக்காரரை இவர் அறைந்துவிட, இந்தப் பையன் வீட்டில் இருக்கத் தகுதியில்லாதவன், வெளியே போ என்று அம்மா துரத்திவிட்டார். பெரியம்மா வீட்டில் ஒளிந்திருந்து, மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, அந்த வேலைக்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்ட பிறகே அம்மா உள்ளே விட்டார். எண்பதை நெருங்கும் வயதில், சர் பட்டமெல்லாம் வாங்கிய பிறகு, இதை அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.